கிளம்பும் முன் தாரமங்கலத்துக்கு ஒரு நடை போய் வா

தம்பி, லண்டனில் கலை வரலாறு இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, படம் வரையத் தெரியாதே, தாக்குப்பிடிக்க முடியுமா, வாடகை எவ்வளவு ஆகும், சேலத்திலிருந்து என்னென்ன கட்டிக்கொண்டு வரலாம் என்று கேட்டிருக்கிறாய். வரையத் தெரிய வேண்டியதில்லை. வாடகையும் குக்கரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் கட்டுரையிலேயே மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது கதை சொல்லித்தான். சிற்பத்தைக் காட்டினால் புராணத்தை எழுதி வைக்கிறார்கள். இங்கே கேட்பது ஃபார்மல் அனாலிசிஸ், அதாவது கதையை விட்டுவிட்டுக் கண்ணில் படுவதை மட்டும் அலசுவது: என்ன கல், எவ்வளவு உயரம், ஒளி எங்கிருந்து விழுகிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார். 'தெய்வீக அழகு' என்று எழுதினால் பக்கத்தில் கேள்விக்குறிதான் வரும்.

சேலத்துக்குப் பக்கத்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வாலி இருக்கும் தூணருகே நின்றால், வேறொரு தூணில் இருக்கும் இராமன் தெரியமாட்டான். இராமனிடமிருந்து பார்த்தால் வாலி தெரிவான். எல்லோரும் அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீ நோட்டும் பென்சிலுமாகப் போ. வாலியிடமிருந்து அடி அடியாக நகர்ந்து, எந்த இடத்தில் இராமன் கண்ணில் படுகிறான், அதுவரை எந்தத் தூண் மறைக்கிறது என்று குறித்துக்கொள். தரைப்படம் ஒன்று கோணல்மாணலாகவாவது போடு. காலையிலேயே போய்விடு, வெயில் சாய்வாக விழுந்தால்தான் உளிவேலை தெரியும். பிறகு இராமாயணக் கதை ஒரு வரிகூட இல்லாமல் 500 சொல் எழுது. முதல் வருடப் பாடத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து புரொஜக்டர். திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். பிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தைச் சுவர் அகலத்துக்குக் கற்பனை செய்துகொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 60, அவ்வளவுதான். நேஷனல் கேலரியில் கட்டணமில்லை, நேரில் போய்ப் பார். பிரிட்டிஷ் மியூசியத்தில், ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள் இருக்கின்றன. அவை சுண்ணாம்புக்கல், நம் கருங்கல்லைவிட மிருது. அதனால் ஆழமில்லாத புடைப்பிலேயே அத்தனை உருவங்களை நெருக்கமாகச் செதுக்க முடிந்தது. தாரமங்கலத்துத் தூணைக் கவனித்துப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்த வேறுபாடு கையால் தொட்டதுபோல் புரியும்.

ஸ்லைடு தேர்வு (திரையில் படத்தைக் காட்டி அது என்ன என்று கேட்பது) இருந்தால் படத்துக்கு ஓர் அட்டை போடு: கலைஞர், தலைப்பு, ஆண்டு, பொருள், முதலில் எந்த இடத்துக்காகச் செய்தது. கடைசியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் பிரெஞ்சோ ஜெர்மனோ முதல் வருடத்திலேயே தொடங்கிவிடு.

'கணக்கு இல்லாத சுலபமான பாடம்' என்று சொல்லிச் சேர்த்துவிடும் ஏஜென்டுகள் மேல் எனக்குத் தீராத கோபம். வாரம் 150 பக்கம் படிக்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் சொல்வதில்லை. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். கட்டுரை வாரத்தில் அதில் பாதிகூட முடியாது. 'இதைப் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?' என்று நம் ஆட்களே கேட்பார்கள். இருபது வருடமாக இங்கே இருந்தும் அமராவதி அறைக்குள் கால் வைக்காதவர்கள் அவர்கள். குளிருக்குப் பழகியதுபோல் அதற்கும் பழகிக்கொள்ளலாம். நாங்களும் அப்படித்தான் பழகினோம்.

பென்சிலை மறக்காதே. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஓவிய, அச்சுப்பட வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதியில்லை.