வெளிநாட்டு நகரத்தோடு கைகோக்க என்ன வழி?

கேள்வி: வேலூர் மாநகராட்சியோ ராணிப்பேட்டை நகராட்சியோ வெளிநாட்டு நகரம் ஒன்றோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாமா? கோப்பை எங்கே தொடங்குவது?
– வாசகர், காட்பாடி

பதில்: தானாகப் போட முடியாது, வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் உள்ள விஷயம். அனுமதி பெற்றுச் செய்யலாம். சென்னையும் அமெரிக்காவின் டென்வரும் 1984 முதல் சகோதர நகரங்கள்.

முதலில் மாமன்றத் தீர்மானம். அது நகராட்சி நிர்வாக இயக்குநர் வழியாகத் துறைச் செயலாளருக்கும், அங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்துக்கும் போக வேண்டும். மாநிலங்களுக்கென்றே 2014-ல் அங்கே தனிப் பிரிவு தொடங்கினார்கள். வரைவை 'புரிந்துணர்வு' என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் வாசகமோ, பண உத்தரவாதமோ நுழைந்தால் கோப்பு திரும்பி வரும்.

பயணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிக்கெட், தங்குமிடச் செலவை அந்த நகரமே ஏற்றால் அது 'வெளிநாட்டு விருந்தோம்பல்'. 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். அரசு ஊழியருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இது உண்டு; அந்தச் சட்டம் 'சட்டமன்றம்' என்று சொல்வதில் நகராட்சியும் ஊராட்சியும் அடக்கம். மேயருக்கும் கவுன்சிலருக்கும் பொருந்தும். எஃப்.சி.-2 படிவத்தை இணையத்தில், புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது தர வேண்டும்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். புகழைப் பார்க்காமல் பிரச்சினையைப் பாருங்கள். பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவின் உப்பு நம் தலைவலி. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பே இதற்காக வந்ததுதான். இத்தாலியின் சாந்தா க்ரோச்சே சுல்லார்னோவும் தோல் ஊர்தான், கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறது. ராணிப்பேட்டைக்கு அப்படிப்பட்ட ஊர்தான் பயன்படும். பதிலுக்கு நாமும் ஏதாவது தர வேண்டுமே: குப்பையை வீட்டிலேயே பிரித்து வார்டு அளவில் உரமாக்கும் வேலூர் அனுபவத்தைத் தாராளமாகச் சொல்லித்தரலாம்.

மேயர் மாறினாலும் ஆணையருக்கு மாறுதல் வந்தாலும் இந்த உறவுகள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. எனவே செயற்பொறியாளர் அல்லது நகர்நல அலுவலரின் பதவியைப் பொறுப்பாளராக ஆவணத்திலேயே எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு வங்கியிடம் நகராட்சியே கடன் வாங்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: முடியாது, மாநில அரசுக்கே அந்த உரிமை இல்லை. அரசியலமைப்பின் 293-வது பிரிவு மாநிலங்களை இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்க விடுகிறது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒன்றிய அரசு கையெழுத்திடும்; பணம் மாநிலம் வழியாக உள்ளாட்சிக்கு வரும். நகராட்சி செய்ய வேண்டியது, திட்ட அறிக்கையை முழுமையாகத் தயாரித்து, நிலத்தை வில்லங்கமில்லாமல் கையில் வைத்திருப்பது.