பழைய காரைப் புதுப்பிக்கும்போது ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

1950-களின் கார், ஒயரிங் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கெட்ட இடத்தில் மட்டும் டேப் சுற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, முழுசாக மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து ஒயர்களில் பலவற்றுக்கு ரப்பர் உறை, அதன்மேல் நூல் பின்னல். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்றை லேசாக வளைத்துப் பாருங்கள், ரப்பர் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கி உதிரும், உள்ளே செம்பு பல்லைக் காட்டும். பல கார்களில் பியூஸே ஒன்றிரண்டுதான் என்பதால், பியூஸ் இல்லாத வழியில் ஷார்ட் ஆனால் ஒயரே பற்றிக்கொள்ளும்.

தயவுசெய்து பழைய ஒயர்க்கட்டை வெட்டி எறிய வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, படம் எடுத்து, அப்படியே கழற்றிப் பலகையில் விரித்து வைத்தால் நீளமும் கிளை பிரியும் இடமும் அதிலேயே கிடைக்கும். ஒயரின் நிறத்தை வெளியே தெரியும் நூல் பின்னல்மேல் பார்த்து நம்பாதீர்கள், எல்லாம் பழுப்பாகியிருக்கும். கிளிப்புக்கு அடியில் பாருங்கள்.

6 வோல்ட் காரா? அப்படியென்றால் தடித்த ஒயர் வேண்டும். 45 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 7.5.

அப்புறம் எர்த், அதாவது கரன்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. புது பெயின்ட் அடித்த பாடியில் எர்த் பிடிக்காது, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டியே ஆக வேண்டும். சில கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், பேட்டரி மாட்டும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் தடவை பேட்டரியோடு தொடராக ஒரு பல்பை மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைத்திருக்கும்போது அது பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட்.