அரியரும் அலுப்பும்: வாசகர் கேள்வி-பதில்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கணக்கில் இரண்டு அரியர். ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் நகர்வதில்லை. 'இதுகூட வரலைன்னா நீயெல்லாம் எதுக்குப் படிக்க வந்தே?' என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். இது சோம்பேறித்தனமா? - மாணவர், ஈரோடு

சோம்பேறி 2 மணி வரை புத்தகத்தோடு மல்லுக்கட்ட மாட்டார். மாணவர்களின் பர்ன்அவுட்டை, அதாவது படிப்புச் சோர்வை, அளக்கும் கேள்வித்தாள்கள் மூன்றைப் பார்க்கும்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, படிப்பின் மேலேயே வெறுப்பு, 'எனக்கு வராது' என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் முதலும் மூன்றாவதும் தெளிவாகத் தெரிகின்றன.

திட்டு எங்கே கெடுக்கிறது என்று பாருங்கள். புத்தகத்தைத் திறந்ததும் திட்டு ஆரம்பிக்கிறது. புத்தகம் என்றாலே வலி என்று மனம் பழகிவிடுகிறது. வலியிலிருந்து தப்பிக்கக் கை போனுக்குப் போகிறது. ஒரு மணி நேரம் போனதும், போன் பார்த்ததற்காக இன்னொரு திட்டு.

இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பேனாவால் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, நடந்தது மட்டும்: "லாப்லாஸ் கணக்கை மூன்று தடவை படித்தும் புரியவில்லை." இரண்டாவது: "இந்தப் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்." மூன்றாவது, இதே நிலையில் ரூம்மேட் வந்து அழுதால் அவரிடம் என்ன சொல்வீர்களோ அது. அவரிடம் "நீ வேஸ்ட்" என்றா சொல்வீர்கள்? "மச்சி, முதல்ல ரெண்டு மார்க் கேள்வியைப் பாரு" என்பீர்கள். அதையே எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பலர் தவறுவது மூன்றாவது வரியில். "நான் புத்திசாலி, என்னால் எல்லாம் முடியும்" என்று எழுதுவார்கள். நம்பாத புகழ்ச்சியை மனம் உடனே மறுத்துப் பேசும். பழைய திட்டே தேவலை என்றாகிவிடும்.

எழுதி முடித்த கையோடு பழைய கேள்வித்தாளை எடுங்கள். அண்ணா பல்கலைத் தாள் என்றால் பார்ட் ஏ-வில் பத்து இரண்டு மார்க் கேள்விகள் இருக்கும். 25 நிமிடத்தில் அதில் நான்கு. தெரியாததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். 5 நிமிடம் எழுந்து நடந்துவிட்டு, இன்னொரு 25. அன்றைக்கு அவ்வளவுதான். முதல் வாரத்தில் இதைத் தாண்டி இழுக்காதீர்கள். நன்றாகப் போகிறதே என்று முதல் நாளே ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் படுத்துவிடுவீர்கள். ராத்திரி 11:30-க்கு விளக்கை அணைத்துவிடுங்கள். 10 மணிக் காபியும் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

தன்னிடமே பரிவு காட்டினால் படிக்கும் வெறி போய்விடாதா? - எம்.எஸ்சி. மாணவி, மதுரை

நியாயமான பயம்தான். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு. 2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், கடினமான தேர்வு எழுதிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் தங்களைப் பரிவோடு பார்க்கச் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அவர்கள்தான். கனடாவில் 2010-ல் வந்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

பரிவுக்கும் சால்ஜாப்புக்கும் உள்ள வித்தியாசம் எளிது. "பரவாயில்லை, தூங்கலாம்" என்று சொல்லி நான்கு நாள் ஓடிவிட்டால் அது சால்ஜாப்பு. "சரி, தப்பாப் போச்சு, எந்த யூனிட்டில் போச்சு?" என்று கேட்டால் பரிவு.

மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன் செய்தால் "படிக்கிறேன்மா" என்று வைத்துவிடுகிறாள். - தாய், தஞ்சாவூர்

முதல் கேள்வியே இன்டர்னல் மார்க்காக இருக்கிறதா என்று யோசியுங்கள் அம்மா. ஒரு வாரம் மார்க், அரியர், சித்தி மகள் எதையும் எடுக்காமல் மெஸ் சாப்பாடு, தூக்கம் பற்றி மட்டும் பேசிப் பாருங்கள். அவளாக ஆரம்பித்தால் உடனே வழி சொல்ல வேண்டாம். "ஆமாம்டி, கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? - வாசகர், நெல்லை

லீவில் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தூங்கினால் கிரிக்கெட்டும் பிரியாணியும் மறுபடி ருசிக்கிறதென்றால் பெரும்பாலும் படிப்புச் சோர்வு. இரண்டு வாரம் கடந்தும் எதுவும் ருசிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடும் இதே அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.