மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு தொழிற் சந்திப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் உங்கள் மகளை, அவர் தொழிற்பயிற்சி பெறும் நிறுவனம் கொழும்பு வாடிக்கையாளர்களுடனான வெள்ளிக்கிழமை மதிய விருந்துக்கு அழைத்திருப்பதாகவும், வேலை பேசுவதற்குச் சாப்பாடு எதற்கு என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து ஓரிரு நாளுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு மதிய வேளையும் வேலை நேரமே. அலுவலகத்தில் கேட்கத் தயங்கும் விலைக்குறைப்பையும் தவணைகளையும் அவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கேட்பார்கள். ஆனாலும், யார் யார் வருகிறார்கள், எந்த இடம், எத்தனை மணிக்கு முடியும் என்பவற்றை மகள் முன்கூட்டியே கேட்டறிவது அவருடைய உரிமை. இவற்றைச் சொல்ல மறுக்கும் அழைப்பை அவர் ஏற்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வழக்கத்தை அவர் மறைக்கவும் வேண்டாம், மேசையில் வைத்து விளக்கவும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சைவமாக இருப்போர் நிறைந்த ஊர் இது. முதல் நாளே முகாமையாளரிடம் ஒரு வரி சொன்னால், மரக்கறிச் சாப்பாடும் கிடைக்கும் உணவகத்தை அவர் தெரிவு செய்துகொள்வார். கையால் சாப்பிடுவதிலும் கூச்சம் வேண்டாம். சோறும் கறியும் இலங்கை முழுவதும் அப்படித்தான் உண்ணப்படுகின்றன.

பயிற்சியாளர்கள் தவறுவது வேறோர் இடத்தில். விருந்தினர் நண்டுக்கறி கேட்டு, இரண்டு கையாலும் ஓடு உடைத்துக்கொண்டிருக்கும்போது (யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் வேறென்ன கேட்பார்?) விலைப்பட்டியலை நீட்டுவதால் ஒரு பயனும் இல்லை. சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரமும், கை கழுவியபின் தேநீர் வரும் நேரமுமே கணக்குப் பேச ஏற்றவை. இடையில் பயணத்தையும் ஊரையும் பற்றிய பேச்சே போதும். தனக்கு அதிகாரமில்லாத விலையையோ திகதியையோ மகள் ஒப்புக்கொள்ளாமல், "முகாமையாளரிடம் கேட்டு அறிவிக்கிறேன்" என்று சொல்லப் பழகட்டும். பேசி முடிவானதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி, முகாமையாளரிடம் காட்டியபின் அனுப்பட்டும்.

பணம் அழைத்தவர் பொறுப்பு. நிறுவனத்துக்காக மகள் செலுத்த நேர்ந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சந்திப்பு வெள்ளிக்கிழமை என்பதால், மரக்கறிச் சாப்பாட்டு விடயத்தை வியாழன் காலைக்குள் சொல்லிவிடச் சொல்லுங்கள்.