செவில்ல தாபாஸ் சாப்பிடப் போறீங்களா? சைவ அத்தையையும் சின்னப் பையனையும் கூட்டிட்டுப் போறவங்களுக்கு

கேள்வி: அக்டோபர்ல நான், வீட்டுக்காரர், 8 வயசுப் பையன், என் அத்தைன்னு நாலு பேர் ஸ்பெயின் நாட்டுல செவில்ங்கற ஊர்ல 4 நாள், கிரனாடாங்கற ஊர்ல 2 நாள் இருக்கப் போறோம். அத்தை சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டாங்க, முழங்கால் வலி வேற இருக்கு. நாங்க மூணு பேரும் மீன், கோழி சாப்பிடுவோம், பீஃபும் போர்க்கும் வேணாம். சின்னச்சின்னத் தட்டுல சாப்பாடு குடுக்கற தாபாஸ் கடையில எப்படி ஆர்டர் பண்றது, எத்தனை பிளேட் சொல்லணும், ட்ரிங்க் வாங்கினா சாப்பாடு ஃப்ரீங்கறது உண்மையா, ராத்திரி 7 மணிக்கே சாப்பிட்டுப் பழகின எங்களுக்கு அந்த ஊர் ஒத்து வருமா?

பதில்:

முதல்ல நேரத்தைப் பேசிடுவோம், அது சரியா அமைஞ்சா மத்த பாதிப் பிரச்சனை தானா போயிடும். செவில்ல மத்தியானத்துக்கு கிச்சன் 1 மணி, 1:30க்குத் திறக்கும், 4 மணி சுமாருக்கு மூடிடுவாங்க, அதுக்கப்புறம் ராத்திரி 8, 8:30க்குத்தான் மறுபடி அடுப்பு எரியும், உள்ளூர் ஆளுங்க 9:30க்கு மேலதான் கூட்டமா வருவாங்க. 7 மணிக்கு நீங்க போனா பார் திறந்திருக்கும், பீரும் ஆலிவும் கிடைக்கும், பெரும்பாலான கடையில சமைச்சது எதுவும் கிடைக்காது. அந்த நேரத்துல கதீட்ரல் பக்கத்துல சாப்பாட்டு போட்டோ போட்ட போர்டை வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு கூப்பிடற கடைங்கதான் கண்ணுல படும், பசியில அங்க போய் உக்காந்துடாதீங்க, ஊர்லயே சுமாரான சாப்பாட்டை ஊர்லயே அதிக விலைக்கு சாப்பிட்டுட்டு வருவீங்க.

அதனால மத்தியானத்தையே பெரிய சாப்பாடா வெச்சுக்கோங்க. 1 மணிக்கு கிச்சன் திறக்கும்போதே உள்ள போயிடுங்க. சீக்கிரம் சாப்பிடற உங்க பழக்கம் இங்க உங்களுக்கு லாபம்தான், ஏன்னா நல்ல தாபாஸ் பார்ல பாதி இடங்கள்ல ரிசர்வேஷனே எடுக்கமாட்டாங்க, டேபிள் அஞ்சோ ஆறோதான் இருக்கும், 2:30க்குப் போனா நிக்கத்தான் இடம் கிடைக்கும், 1 மணிக்குப் போனா அத்தைக்கு சுவத்தோரமா சாய்ஞ்ச மாதிரி உக்கார நாற்காலி கிடைக்கும். சாயங்காலம் 6 மணிக்கு சுர்ரோஸ் சாப்பிடலாம், செவில்ல அதை கலென்தீத்தோஸ்னும் சொல்வாங்க, வெறும் மாவு, தண்ணி, உப்பு சேத்து எண்ணெயில பொரிக்கறதுதான், முட்டை கிடையாது, அத்தையும் சாப்பிடலாம். அப்புறம் 8 மணிக்கு எந்தக் கடை திறக்குதோ அங்க லேசா ரெண்டு மூணு அயிட்டம் சாப்பிட்டு முடிச்சுட்டீங்கன்னா 9:30க்கு ரூமுக்கு வந்துடலாம். நடுவுல பசி தாங்கலன்னா கோஸீனா இனின்தெர்ரும்பீதான்னு வாசல்ல எழுதியிருக்கான்னு பாருங்க, அந்தக் கடையில கிச்சன் மூடாம நாள் முழுக்க ஓடும்.

இப்ப ஆர்டர் பண்ற விதம். நம்ம ஆளுங்க உக்காந்த உடனே மெனுவைப் பாத்து எல்லாத்தையும் மொத்தமா சொல்லிடறோம், அப்புறம் பத்து பிளேட்டும் ஒரே நேரத்துல வந்து டேபிள்ல இடம் இல்லாம, பாதி ஆறிப்போய், ரெண்டு பேருக்கு வயிறு ரொம்பிப் போய் உக்காந்திருக்கோம். தாபாஸை அப்படிச் சாப்பிடக் கூடாது. முதல்ல ட்ரிங்க் மட்டும் சொல்லுங்க. அது வந்ததும் ரெண்டு இல்லன்னா மூணு அயிட்டம். அது காலியாகும்போது அடுத்த ரெண்டு. அங்க சப்ளை பண்றவங்க அடிக்கடி வந்து வேற என்ன வேணும்னு கேக்கமாட்டாங்க, நீங்கதான் கையக் காட்டிக் கூப்பிடணும், அதை யாரும் மரியாதைக் குறைவா நினைக்கமாட்டாங்க. முதல் கடையில வயிறு முழுக்க ரொப்பிக்காம அடுத்த தெருவுல இன்னொரு கடைக்குப் போறதுதான் அங்க வழக்கம், ஒவ்வொரு கடையும் ஒண்ணு ரெண்டு அயிட்டத்துக்குத்தான் பேர் போனது, அதை மட்டும் சாப்பிட்டுட்டு நகர்ந்துடுவாங்க. அத்தைக்கு முழங்கால் வலிங்கறதால ஒரு வேளைக்கு ரெண்டு கடையோட நிறுத்திக்கோங்க, அதுவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற மாதிரி.

மெனுல ஒரே அயிட்டத்துக்கு மூணு விலை போட்டிருக்கும். தாப்பான்னா (பலதுக்குத்தான் தாபாஸ்) ஒரு சின்னத் தட்டு, ஒரு ஆளுக்கு நாலஞ்சு வாய். மேதியான்னா அரை அளவு, ராஸியோன்னா முழுத்தட்டு, மூணு நாலு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். உங்க குடும்பத்துக்கு தாப்பாவும் மேதியாவும் கலந்து சொல்றது சரியா வரும். மெனுல ராஸியோன் விலை மட்டும் இருந்தா தாப்பா அளவு உண்டான்னு கேட்டுப் பாருங்க, சில கடைங்கள்ல அந்தச் சின்ன அளவு உள்ள பார்ல நிக்கறவங்களுக்கு மட்டும்தான், வெளிய தெராஸா டேபிள்ல உக்காந்தா குடுக்கமாட்டாங்க, சில இடத்துல வெளிய உக்காந்தா விலையும் கொஞ்சம் கூட. பையன் இருக்கறதால இன்னொண்ணும் சொல்றேன், ஸ்பெயின்ல 2011ல இருந்து பாருக்குள்ள சிகரெட் பிடிக்கத் தடை, அதனால பிடிக்கறவங்க எல்லாம் வெளிய தெராஸாலதான் உக்காருவாங்க, குழந்தையோட போறவங்களுக்கு உள்ளதான் நல்லது. பார்னு சொன்ன உடனே பையனைக் கூட்டிட்டுப் போலாமான்னு தயங்கவே வேணாம், தாத்தா பாட்டி கைக்குழந்தைன்னு மொத்தக் குடும்பமும் வர்ற இடம்தான் அது.

அடுத்தது அத்தை சாப்பாடு, இதுலதான் ரொம்பக் கவனம் வேணும். நான் வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா அங்க போதாது. வெயிட்டர் நல்ல மனசோடதான் தலையாட்டுவார், ஆனா கறித்துண்டு இல்லன்னா அது மாமிசம் இல்லங்கற நினைப்பு அங்க இன்னும் நிறைய இருக்கு, ஹமோன்ங்கற உப்புல பதப்படுத்தின பன்னித் தொடையை காய்கறிக்கு ருசி சேக்கற பொருளா பாக்கறாங்க, டின் மீனையும் அப்படித்தான். காளான் வதக்கல், ஆர்ட்டிசோக், பீன்ஸ், கிரனாடால ஆபாஸ்ங்கற ஒரு வகைப் பிஞ்சு அவரை, எல்லாத்துலயும் பொடிப்பொடியா ஹமோன் கிடக்கும். மிக்ஸட் சாலட்னு சொன்னா மேல சூரை மீனும் முட்டையும் வெச்சு வரும். சுட்ட குடமிளகா சாலட்லயும் உருளைக்கிழங்கு சாலட்லயும் மீன் இருக்கும். அதனால பொதுவா சொல்லாம ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனித்தனியா கேளுங்க: யேவா ஹமோன்? யேவா அதூன்? யேவா வேவோ? ஹமோன் இருக்கா, சூரை இருக்கா, முட்டை இருக்கான்னு கேக்கறீங்க. கூடவே யேவா கால்தோ தே கார்னே? கறி சூப்பு ஊத்திச் செஞ்சதான்னு அர்த்தம். இந்த நாலு கேள்வியையும் ஃபோன்ல ஸ்பானிஷ் எழுத்துல (¿Lleva jamón? ¿Lleva atún? ¿Lleva huevo? ¿Lleva caldo de carne?) டைப் பண்ணி வெச்சுக்கோங்க, கூட்ட நேரத்துல வாயால சொல்றதை விட காட்டறது வேகம். மெனுல அலர்ஜிக்காக சின்னச்சின்னப் படம் போட்டிருப்பாங்க, ஐரோப்பியச் சட்டப்படி 14 பொருளைப் பத்தி கடைக்காரங்க தகவல் குடுத்தாகணும், அதுல முட்டை, மீன், இறால், பால் எல்லாம் உண்டு, ஆனா பன்னிக்கறி அந்த 14ல கிடையாது. அதனால படம் போட்டிருந்தா மீன், முட்டைக்கு அதைப் பாத்தா போதும், ஹமோனுக்கு வாய்விட்டுக் கேட்டே ஆகணும்.

அத்தை கண்டிப்பா சாப்பிட வேண்டியது எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், பொரிச்ச ரொட்டி எல்லாம் சேத்து கெட்டியா வேகவெச்சது, செவில் ஊரோட சொந்த அயிட்டம், சீரக வாசனை வந்த உடனே அத்தை முகம் மாறிடும் பாருங்க. 1670ல இருந்து இருக்கற எல் ரின்கோன்ஸீயோ கடையில இதுக்குன்னே ஆளுங்க வருவாங்க, சாந்தா கத்தலீனா சர்ச் பக்கத்துல இருக்கு, நீங்க சாப்பிட்ட கணக்கை மரக் கவுண்டர் மேலயே சாக்பீஸ்ல எழுதிக் கூட்டுவாங்க, பையனுக்கு அது நல்ல வேடிக்கை. மேல ஹமோன் கால் வரிசையா தொங்கும், அத்தைகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, ஊர்ல நிறைய கடைங்க அப்படித்தான்.

அடுத்தது சால்மொரேஹோ, தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டு அரைச்ச கெட்டியான குளிர்ந்த சூப், பக்கத்து ஊர் கோர்தொபாலோடது, மேல முட்டையும் ஹமோனும் தூவித்தான் வரும், சின் வேவோ, சின் ஹமோன்னு சொன்னா தூவாம குடுப்பாங்க, சின்னா இல்லாமன்னு அர்த்தம். பெரென்ஹேனாஸ் கோன் மியெல்னு ஒண்ணு, கத்திரிக்காயை மெல்லிசா வெட்டிப் பொரிச்சு மேல ஒரு கறுப்புப் பாகு ஊத்துவாங்க, அது தேன் இல்ல, கரும்புச்சாறைக் காய்ச்சின பாகு, நம்ம வெல்லப்பாகு மாதிரியே இருக்கும், மாலகா பக்கம் ஃப்ரிஹிலியானாங்கற ஊர்ல இன்னும் காய்ச்சறாங்க. மாவுல முட்டை இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. ஆனா ஒண்ணு, மீன் பொரிக்கற அதே எண்ணெயிலதான் கத்திரிக்காயும் பொரிப்பாங்க, சின்னக் கடையில தனிச் சட்டி எதிர்பாக்க முடியாது, அத்தைக்கு அது ஒத்துவராதுன்னா பொரிச்சதையே விட்டுடுங்க. பட்டாட்டாஸ் ப்ராவாஸ்ங்கற உருளைக்கிழங்கு பொரியல் கேட்டா சாஸ் ரெண்டு விதமா வரும், வெள்ளை சாஸ் பெரும்பாலும் முட்டை மயோனைஸ், சிவப்பு சாஸ் மட்டும் தனியா கேளுங்க, அதுலயும் கறி சூப்பு இருக்கான்னு கேட்டுக்கோங்க. டோர்த்தியான்னா முட்டை, க்ரொகேதாஸ்ங்கற பொரிச்ச உருண்டையில பெரும்பாலும் ஹமோன், ரெண்டும் அத்தைக்கு ஆகாது.

காலைல தோஸ்தாதாதான் நல்லது, சுட்ட ரொட்டி மேல ஆலிவ் எண்ணெயும் துருவின தக்காளியும். அதே கவுண்டர்ல ஆரஞ்சு நிறத்துல மன்தேகா கொலொரான்னு ஒண்ணு கிண்ணத்துல இருக்கும், பாக்க வெண்ணெய் மாதிரி இருக்கும், அது பன்னிக் கொழுப்பு, தடவிடாதீங்க. மன்தேகாதோஸ், போல்வொரோனேஸ்ங்கற பிஸ்கட்டும் அதே கொழுப்புலதான் செய்றது. அதுக்கு பதிலா ஆலிவ் எண்ணெய், எள்ளு, சோம்பு வாசனைப் பொருள் போட்டுச் செய்ற தோர்தா தே அசெய்தே வாங்கி பையில வெச்சுக்கோங்க, இனேஸ் ரொசாலெஸ்ங்கற பேர்ல 1910ல இருந்து செவில் பக்கத்துலயே செய்றாங்க, சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும்.

உங்க மூணு பேருக்கு அங்க கஷ்டமே இல்ல, மீன் பொரியல்ல ஆந்தலூசியாவை, அதாவது செவிலும் கிரனாடாவும் இருக்கற மாகாணத்தை, அடிச்சுக்க ஆள் கிடையாது. கஸோன் என் அதோபோங்கறது சுறா இனத்து மீனை வினிகர், சீரகம், பூண்டுல ஊறவெச்சுப் பொரிச்சது, பையன் விரும்பிச் சாப்பிடுவான். பூண்டெண்ணெய்ல கொதிக்கக் கொதிக்க வர்ற இறால், காம்பாஸ் அல் அஹீயோ, வினிகர்ல ஊறின நெத்திலி மாதிரி மீன் பொகெரோனேஸ், கணவாய் பொரியல், எல்லாம் தைரியமா சொல்லுங்க. மாட்டுக்கறிக்கு தெர்னேரா, பன்னிக்கு செர்தோ, கோழிக்கு போயோ. ஸொலொமீயோ, கர்ரியாதா, ப்ரிங்கா, இபேரிகோ இந்த வார்த்தையெல்லாம் பாத்தா பெரும்பாலும் பன்னிதான்னு வெச்சுக்கோங்க, ராபோ தே தோரோ மாட்டு வால். கோழி அயிட்டம் தாபாஸ்ல கம்மிதான், மீனை நம்பிப் போங்க.

ஃப்ரீ விஷயம்: கிரனாடால உண்மை, செவில்ல இல்ல. செவில்ல ட்ரிங்க் வாங்கினா மிஞ்சிப்போனா நாலு ஆலிவ் வரும். கிரனாடால பீர், ஒயின், கூல்ட்ரிங்க்ஸ் எது வாங்கினாலும் கூட ஒரு தாப்பா ஃப்ரீயா வரும், ரெண்டாவது ட்ரிங்க்குக்கு வேற ஒண்ணு வரும். பெரும்பாலான கடையில அது என்னன்னு கிச்சன்தான் முடிவு பண்ணும், அதனால ட்ரிங்க் சொல்லும்போதே ஒரு தட்டு சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் வேவோன்னு (கறி, ஹமோன், மீன், முட்டை இல்லாம) சொல்லிடுங்க, தட்டு வந்தப்புறம் சொன்னா மாத்தறது கஷ்டம். உங்க மூணு பேருக்கும் அதே மாதிரி செர்தோ வேணாம், தெர்னேரா வேணாம்னு சேத்து சொல்லிடணும். கால்தெரேரியா நுவேவா தெருவுல மொராக்கோ டீக்கடைங்களும் ஃபலாஃபெல்ங்கற கொண்டைக்கடலை வடை விக்கற கடைங்களும் வரிசையா இருக்கு, ஒரு வேளை அத்தைக்காக அங்க போயிடுங்க, அவங்க நிம்மதியா வயிறார சாப்பிடட்டும்.

செலவுக்கு, செவில்ல ஒரு தாப்பா பெரும்பாலும் 3ல இருந்து 5 யூரோ, நாலு பேருக்கு எட்டு ஒம்பது தட்டும் ட்ரிங்க்ஸும் சேத்து 50 யூரோ சுமாருக்கு வரும்னு வெச்சுக்கோங்க. தண்ணிக்கு ஆகுவா தெல் கிரீஃபோன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி, நல்லாவே இருக்கும், 2022ல வந்த சட்டப்படி அதை இலவசமா குடுக்கணும். கேக்காம டேபிள்ல வைக்கற ரொட்டிக்கும் பீக்கோஸ்ங்கற மொறுமொறு குச்சிக்கும் பில்லுல காசு வரலாம், வேணாம்னா அப்பவே திருப்பிக் குடுத்துடுங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல, சில்லறையை விட்டுட்டு வந்தா போதும். ட்ரிங்க்ஸ்ல மோஸ்தோன்னு ஒண்ணு இருக்கும், மத்த ஊர்ல அது சாதா திராட்சை ஜூஸ், ஆனா செவில் பக்கத்து அல்ஹராஃபேல அதே பேர்ல புது ஒயினைத்தான் குடுப்பாங்க, பையனுக்கு சொல்றதுக்கு முன்னாடி சின் அல்கோஹோலான்னு கேட்டுக்கோங்க.

தெருவைப் பொறுத்தவரைக்கும் ட்ரியானா, ஃபேரியா தெரு, அலமேதா தே ஹெர்குலேஸ் இந்த மூணு பக்கமும் போங்க, கதீட்ரலை ஒட்டின தெருவுல ஒரு வேளைக்கு மேல செலவழிக்காதீங்க. அத்தைக்கு நடக்கறது சிரமம்ங்கறதால ட்ரியானால மார்க்கெட்டுக்குள்ளயே சாப்பிடலாம், பாலத்தைத் தாண்டின உடனே இருக்கு, ஆனா அது மத்தியானத்துக்குத்தான் சரி. ஞாயித்துக்கிழமை ராத்திரியும் திங்கக்கிழமையும் நிறைய நல்ல கடைங்க லீவு, அக்டோபர் 12 தேசிய விடுமுறை, உங்க தேதி அதுல மாட்டுதான்னு பாத்துட்டு அந்த நாளுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்னு காலைலயே மேப்புல பாத்து வெச்சுடுங்க, 1 மணிக்குப் போய் பூட்டின கதவு முன்னாடி நிக்க வேண்டியதில்ல.