வலி இல்லாத கால் ஆணி

கேள்வி: எனக்கு வயது 54. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே கால் ஆணி. என் கணவர் மாதம் ஒருமுறை சவர பிளேடால் சீவிவிடுவார். இந்த முறை மருந்துக் கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிவிட்டது. நல்லவேளையாக வலி இல்லை. அப்படியே விடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, அந்த ‘நல்லவேளையாக’தான் என்னைப் பயமுறுத்துகிறது. பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். ஆணியோடு பக்கத்து நல்ல தோலையும் அது கரைக்கும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலில் புண் விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பிளாஸ்திரியை இப்போதே எடுத்துவிடுங்கள். பிளேடு உங்கள் கணவரின் தாடையோடு நிற்கட்டும்.

நாளைக்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் போங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். கால் நாடியையும் பார்ப்பார். தடித்த தோலைச் சீவியெடுத்த பிறகுதான் அடியில் புண் ஒளிந்திருக்கிறதா என்பது தெரியும். அதற்குள் சிவப்பு, சூடு, வீக்கம், நாற்றம், காய்ச்சல் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

ஓரிடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் சீவச் சீவ ஆணி வளரும். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பர் செருப்பான எம்.சி.ஆர். செருப்பு அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பின்பட்டை வைத்ததாக வாங்கி வீட்டுக்குள்ளும் போடுங்கள். கோயிலுக்கு அதிகாலையில் போங்கள். நண்பகல் வெயிலில் காய்ந்த பிரகாரக் கல் உங்கள் காலுக்கு ஆகாது.