பேராசிரியர் இட்ட புள்ளியில் ஐயமிருந்தால் எப்படிக் கேட்பது?

‘பி’ எதிர்பார்த்த பாடத்துக்கு ‘சி பிளஸ்’ வந்திருக்கிறது, பேராசிரியரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சி பிளஸுக்கு 2.3, பி தரத்துக்கு 3.0 என்று தரப்புள்ளி கணிக்கப்படுவதால், இந்த இடைவெளி பட்டத்தின் வகுப்புச் சித்தியையே (முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற நிலையையே) அசைக்கக்கூடும், தயங்காமல் கேளுங்கள்.

முதலில், தொடர் மதிப்பீட்டுக்கும் இறுதிப் பரீட்சைக்கும் எத்தனை வீதம் என்பதைப் பாடக் கையேட்டில் பார்த்து, திரும்பக் கிடைத்த ஒப்படைகளின் புள்ளிகளை நீங்களே கூட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில், முகப்பில் சிவப்பு மையால் 17 என்று எழுதப்பட்டிருந்த என் ஒப்படை, புள்ளிப் பட்டியலில் 11 என்று பதிவாகியிருந்தது. 7ஐ 1 என்று வாசித்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோனதால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

“சேர், என் கணக்கில் இவ்வளவு வருகிறது, ஒருமுறை சரிபார்க்க முடியுமா?” என்று அவருடைய அறையில் தனியாகக் கேளுங்கள், நண்பனின் புள்ளியை ஒப்பிட்டுப் பேசவே வேண்டாம். விடை மதிப்பிடப்பட்ட விதத்திலேயே உடன்பாடில்லையென்றால், பீட ஒழுங்குவிதிகள் இடமளிக்கும் மீள்பரிசீலனைக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதன் முடிவுத் திகதியைப் பெறுபேறு வெளியான அன்றே பீட அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.